தூம்பா ரூம் சாவி

இதைக் கட்டிவிட்ட கதைன்னு சொல்றவன், கொடைக்கானல் மலையில பள்ளங்கிக்குக் கீழ இருக்குற எங்க ஊருக்கு வந்து தூம்பாவுக்குள்ள மூக்கை நீட்டிப் பாக்கட்டும். அப்புறம் பேசலாம்.

தூம்பான்னா எங்க வேதக்கோயில் சவப்பெட்டி. ஊருக்கெல்லாம் சேத்து ஒண்ணே ஒண்ணு. பிணத்தை அதுல வச்சுக் கல்லறைக்குத் தூக்கிட்டுப் போவாங்க. குழியில பிணத்தை மட்டும் எறக்கிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டாந்து கோயிலுக்குப் பின்னாடி ரூம்ல பூட்டுவாங்க. சாவி கேத்தரின் கையில. கோயிலைக் கூட்டித் தொடைக்கிறது அவதான். சாவியைக் கயித்துல கோத்து இடுப்புல முடிஞ்சிருப்பா.

போன ஐப்பசியில கீழத்தெரு ஞானசவுந்தரி செத்துப்போச்சு. மேலத்தெருக்காரங்களுக்கு மலைப்பூண்டு உரிச்சே வெரல் தேஞ்ச பொம்பள. அவ மகன் அருள்பிரகாஷ் கொட்டுற மழையில வந்து நின்னான்.

"அக்கா, தூம்பா வேணும். சாவி குடுங்க."

"சாவி இல்லப்பா. எங்க வீட்டுக்காரரு கொடைக்கானலுக்குக் கொண்டு போயிட்டாரு."

சாவி அவ இடுப்புலதான் கெடந்துச்சு. கீழத்தெருப் பிணம் படுத்த பெட்டியில நாங்க படுக்கமாட்டோம்னு மேலத்தெருப் பெரிய மனுசங்க சொல்லி வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழமை பூசையில நன்மை அப்பம் வாங்குற அதே நாக்குதான் இதையும் சொல்லுச்சு. த்தூ! கேத்தரினும் மேலத்தெருதான, தலையாட்டிட்டா. அந்தப் பய பெத்தவளை நீலத் தார்ப்பாயில சுத்தி, கயித்தால முடிச்சுப் போட்டு, தோள்ல தூக்கிட்டுப் போனான்.

மூணு வாரத்துல கேத்தரினோட அம்மா போய்ச் சேந்தாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கப் பூசை. தாயை ஒரு கொறையும் இல்லாம, சுத்தமா மண்ணுல வைக்கணும். அவளுக்கு அது ஒண்ணுதான் வேணும்.

மத்தியானம் 2.20. கோயில் வாசல் வரைக்கும் மூடுபனி. ரூமைத் தொறந்தா... நாத்தம். அழுகின பூண்டு நாத்தம். எலி செத்துக் கெடக்கோன்னு தூம்பா மூடியைத் தூக்கினா. எலி இல்ல. அடிப்பலகை ஈரமா, சளி மாதிரி கொழகொழன்னு கெடக்கு. பினாயிலை ஊத்தித் தேய்ச்சா. துணியோட நீளமா ஒரு நரைமுடி வந்துச்சு. வெரல்ல சுத்திக்கிட்டு விடமாட்டேங்குது. அங்கனயே வாந்தி எடுத்துட்டா.

2.45. பலகையைத் தொடச்சுக் காயவச்சு, வெள்ளைத்துணி விரிச்சு, மூடியைப் போட்டா.

2.52. பெட்டிக்குள்ள சத்தம். சரக்... சரக்...

பூண்டு உரிக்கிற சத்தம்.

மூடியைத் தூக்கினா. சத்தம் நின்னு போச்சு.

வெள்ளைத்துணியில ஆள் படுத்த ஈரம். ஒருக்களிச்சுப் படுத்த ஈரம். தலைமாட்டுல ஒரு கை பூண்டுத்தோல்...

வெளிய சொன்னா, அன்னைக்குச் சாவியை ஏன் ஒளிச்சேன்னு கேப்பாங்களே! துணியைத் திருப்பிப் போட்டா. அந்த ஈரத்து மேலயே பெத்த தாயைப் படுக்க வச்சா.

முன்னால தோள் குடுத்தது அவ சித்தப்பா பரமானந்தம். பத்தடி போகல.

"ஏத்தா... ஒங்கம்மா வெளக்கமாத்துக் கனந்தான இருப்பா? ரெண்டாளு கனம் கனக்குதே!"

கேத்தரின் முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு முன்னால நடந்தா.

குழியில எறக்கும்போது அம்மாவோட முதுகுச் சேலை நனைஞ்சு ஒட்டிக் கெடந்துச்சு. சுத்தமா வைக்கணும்னு நெனச்சாளே, பாவி மக.

அப்புறம் காலித் தூம்பாவைத் தூக்கினாங்க.

கனம் கொறையல.

5.35. ரூமைப் பூட்டப் போனா. இடுப்புல கயிறு இருக்கு. முடிச்சு இருக்கு. சாவி இல்ல.

ஒம்பது நாள் விடாத மழை. ஞானசவுந்தரி குழி சரிஞ்சு, நீலத் தார்ப்பாய் வெளிய தெரிஞ்சுச்சு. அருள்பிரகாஷும், அந்த ரெண்டாளு கனத்தை மறக்க முடியாத பரமானந்தமும் எடுத்துத் திரும்பப் பொதைக்கப் போனாங்க. போட்ட முடிச்சுல ஒண்ணுகூட அவுறல. தூக்கினா, தக்கையாட்டம் வருது. அவுத்துப் பாத்தாங்க.

பிணம் இல்ல. ஒரு எலும்புகூட இல்ல.

அன்னைக்குச் சாயங்காலம் கேத்தரின் வீட்டுக் கதவைத் தட்டி, அருள்பிரகாஷ் கையை நீட்டினான்.

"இந்தாங்கக்கா, தூம்பா ரூம் சாவி. எங்கம்மா தார்ப்பாய்க்குள்ள இருந்துச்சு."