பின்கேட்டில் போய் முன்தெருவில் வருகிறவள்

ஊசிக்காரம்மா தினமும் தன் தெருவுக்கே விருந்தாளி மாதிரி வருவாள். பின்கேட்டைச் சத்தமில்லாமல் திறந்து, சந்து வழியாக பஸ் ஸ்டாப் வரை நடந்து, அங்கிருந்து திரும்பி, ஏதோ தூரத்து ஊரிலிருந்து வந்து இறங்கியவள் போலத் தெருவுக்குள் நுழைவாள். வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. "இவ்ளோ தூரத்துல இருந்து டயத்துக்கு வந்துடுறியேம்மா" என்று மெச்சுவார்கள். மெச்ச மெச்ச அவள் தலையைக் குனிந்துகொண்டு ஊசியை எடுப்பாள்.

அந்தப் பகுதியில் ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு குடும்பம் என்பது நகராட்சி விதி. அவளும் மகளும் இருப்பதோ ஒரு வீட்டின் பின்பக்க அறைகளில், வாடகைக்கு. தெரிந்தால் வீட்டுக்காரம்மாவுக்கு அபராதம், இவர்களுக்கு நடுத்தெரு. அதனால் துணி உள்ளேயே காயும். குக்கர் கிடையாது, விசில் காட்டிக்கொடுத்துவிடும். மகள் சிரிப்பதானால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துத்தான். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவளுக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

இப்போது நகராட்சி விதியைத் தளர்த்தப் பார்த்தது. ஒரு மனையில் மூன்று வீடு வரை இருக்கலாம், ஏற்கெனவே இருப்பதையும் பதிந்துகொள்ளலாம். தெருக்காரர்களிடம் கருத்துக் கேட்க ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பக்கத்து வீட்டு மேனேஜர், பேங்க்கில் ஓய்வு பெற்ற தனியாள், "கண்டவங்க எல்லாம் வந்து குடியேறிடுவாங்க" என்று தெருவைத் திரட்டினார். பயமுறுத்தினால் திரளாத தெரு எது? அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். வாராவாரம் இவளிடம் கையை நீட்டிக்கொண்டே இதைத்தான் பேசுவார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு நரம்பைத் தேடுவாள்.

சனிக்கிழமை காலை அவரிடமிருந்து போன். "கண்ணாடி டம்ளர் உடைஞ்சு கையைக் கிழிச்சிடுச்சும்மா. ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. உடனே வர முடியுமா?"

"பஸ் புடிச்சு வரணும் சார்." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவர் முனகல் போனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது.

"போகாதம்மா" என்று மகள் கையைப் பிடித்தாள். போக பயம்தான். போகாமலிருக்க அதைவிட பயமாக இருந்தது. நைட்டியோடு, செருப்பில்லாமல் சுவரேறிக் குதித்தாள்.

காயத்தை அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, ரத்தம் மட்டுப்படும்வரை அவர் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவள் வெறுங்காலைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமாம்மா?"

"ஆறு வருஷம் சார். பொண்ணு படிக்கிறா. சொல்லிடாதீங்க சார்." அழுதுவிட்டாள்.



ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவள் கடைசியில் ஒதுங்கி நின்றாள். கையில் கட்டோடு மேனேஜர் எழுந்தபோது அவள் வாசல் பக்கம் நகர்ந்தாள். "ஒரு மனைக்கு ஒரு குடும்பம்தான். மாத்தவே கூடாது" என்றார். மாற்றத்தை எதிர்த்து உயர்ந்த கைகளில் கட்டுப் போட்ட கைதான் முதலில் உயர்ந்தது. அவளைப் பற்றி மூச்சு விடவில்லை. பழைய விதியே இருக்கட்டும் என்று முடிவானது.

வெளியே வரும்போது அருகில் வந்து மெதுவாகச் சொன்னார். "நீ பயப்படாதம்மா. நீ வேற, அவங்க வேற."

எவங்க என்று கேட்காமல் அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.

அடுத்த வாரமும் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். மேனேஜர் கேட்டில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, "என்னம்மா, இன்னைக்கு பஸ் சீக்கிரம் வந்துடுச்சா?" என்று சிரித்தார்.

"ஆமா சார்."

இதுவரை தெருவுக்குப் பயந்தாள். இனி அவள் குடுமி இந்த ஒருவர் கையில். உள்ளே போனதும் அவர் கையை நீட்டினார். முதன்முறையாக ஊசி நரம்பைத் தவறவிட்டது.

"பரவாயில்ல, மெதுவா எடும்மா" என்றார் அவர், அன்பாகத்தான். "நீ எங்க போயிடப் போற?"