கப்பலில் வந்த சோளமும் கம்பைநல்லூர் சோளமும்

தர்மபுரிக்கு வெளியே நான்கு கறவை மாடு வைத்திருக்கிறேன். போன தை மாதம் கடையில் வாங்கிய தீவன மூட்டையைப் பிரித்தால் பூஞ்சை வாடை. மாடுகள் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. நம் பக்கத்திலேயே மக்காச்சோளம் அறுவடையாகிறதே, நேரே வாங்கி அரைத்துக்கொள்ளலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7.10க்கு பைக்கில் கம்பைநல்லூர் கிளம்பினேன். என் வண்டி மீட்டரில் 27 கிலோமீட்டர். பெட்ரோல் அறுபது ரூபாய்க்குள். (லாரிக்குப் பின்னால் மட்டும் போகாதீர்கள், கண்ணெல்லாம் தூசி.) 8.05க்கு மண்டியில் இருந்தேன்.

எனக்கு முன்னால் செல்வி என்ற அக்கா பத்து மூட்டைச் சோளத்தோடு நின்றிருந்தார். வியாபாரி ஒரு பிடி அள்ளி ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டார். பதினைந்து சதவீதம்.

"பதினாலுக்கு மேல எடுக்க முடியாதுங்க. காய வெச்சிக் கொண்டாங்க."

"மூணு நாளு களத்துல காஞ்சதுங்க. மறுபடியும் ஆட்டோ வெச்சி எப்படிங்க கொண்டாறது?"

வியாபாரி என்னைப் பார்த்து முன்னால் வரச்சொல்லிக் கையசைத்தார். அவருக்குப் பின்னால் கூரை வரை மூட்டைகள். அது எந்த ஊர்ச் சோளம் என்று கேட்டேன். "கப்பல்ல வந்ததுங்க. தீவன மில்லுக்குப் போவுது" என்றார், பெருமையாகவே.

செல்வி அக்கா விடுவிடுவென்று உள்ளே போனார். ஓரம் கிழிந்த ஒரு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து அவரே மெஷினில் போட்டார். பதினேழு.

"எங்களுது ஈரம்னா இது என்னங்க, குளிச்சிட்டு வந்துச்சா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். வியாபாரி மெஷினை அணைத்து மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "அது மில்லுக்காரங்க சரக்கு. நான் எடம் மட்டுந்தான் குடுத்திருக்கறேன்."

கடல் தாண்டி வந்த ஈரத்துக்குக் கூரை, பக்கத்துக் காட்டுச் சோளத்துக்குக் கதவடைப்பா? கத்தினேன். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

செல்வி அக்காவிடம் மண்டி விலைக்கே நான்கு மூட்டை வாங்கினேன். சரக்கு ஆட்டோ 700 ரூபாய். மீதி ஆறும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின. வீட்டில் இரண்டு நாள் காயவைத்து, பிண்ணாக்கும் தவிடும் கலந்து அரைத்து வைத்தேன். மாடுகள் தொட்டியை நக்கிவிட்டன.

பத்து நாள் கழித்து, மீதி மூட்டைகளை வாங்கலாம் என்று மாடு வைத்திருக்கும் நண்பர்கள் இருவரோடு அக்கா வீட்டுக்கே போனேன்.

"மேகம் கட்டிக்கிச்சிங்க. நனைஞ்சா எல்லாம் போயிரும்னு அதே ஆளுகிட்டயே போட்டுட்டம். வெலைய ரொம்ப கொறச்சிட்டாரு" என்றார்.

எனவே, போகிறவர்கள் மண்டிக்குப் போகாதீர்கள், களத்துக்குப் போங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியாகப் போங்கள். முக்கியமாக, அறுத்த வாரத்திலேயே போங்கள். கோபப்படுவதற்கு மட்டும் நான் சரியான நேரத்துக்குப் போயிருந்தேன். வாங்குவதற்குப் பத்து நாள் பிந்திவிட்டேன்.