கிளாரினெட்டுக்கு ஒரு மவுத்பீஸ்: வீரபாண்டியிலிருந்து சென்னை வரை

2008 டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஒரு மவுத்பீஸ் வாங்குவதற்காக மட்டும் சென்னைக்குப் போய் வந்தேன். திருப்பூரில் கேட்டாயிற்று, கோவையிலும் கேட்டாயிற்று. "ஒரே மாடல்தான் இருக்கு" என்றார்கள். இதே தேவையோடு கிளம்புகிறவர்களுக்கு உதவட்டும் என்று செலவுக் கணக்கோடு எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடியிருப்பது திருப்பூரை ஒட்டிய வீரபாண்டியில். என் கணவர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவருடைய சித்தப்பா பேண்டு செட்டில் வாசித்த கிளாரினெட் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, ஒரு புத்தகத்தில் இருந்த விரல் படங்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். கர்த்தருடைய கிருபையால் சபைப் பாடகர் குழுவில் இது மூன்றாவது கிறிஸ்துமஸ்.

இந்த வருடம் எனக்கு இரண்டு பாட்டு. ஒன்று இழுத்துப் பாடுகிற பழைய கீர்த்தனை. மற்றது வாலிபர்கள் கேட்டு வாங்கிய துள்ளலான பாட்டு. ஜாஸ் பாணியில் சுரத்தை வளைத்துச் சறுக்கி வாசிக்க வேண்டும். வீட்டில் ஓரளவு வந்தது, ஒத்திகையில் வரவில்லை. பலமாக ஊதினால் சத்தம் அடைத்துக்கொண்டது, இல்லையென்றால் கீச்சென்று கத்தியது. குழுத் தலைவர் நல்ல மனிதர். திட்டவெல்லாம் இல்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம்மா. சரிவரலன்னா ஒண்ணும் மோசமில்ல, கீபோர்டுலயே கிளாரினெட் டோன் இருக்கு. எஸ்தர் வாசிச்சிருவா" என்றார்.

கீபோர்டு வாசிக்கும் எஸ்தர் அப்போதே ஒரு பட்டனை அமுக்கி நாலு சுரம் வாசித்தாள். என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதுதான் காதில் கேட்டது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மவுத்பீஸ் என்பது கிளாரினெட்டில் வாய் வைக்கும் கறுப்பு முனை. அதன்மேல் நாணல் தகடு ஒன்றை வைத்துக் கட்டுவார்கள், அதற்குப் பெயர் ரீடு. முனைக்கும் ரீடுக்கும் நடுவில் இருக்கிற சிறு இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. இடைவெளி குறுகலாக இருந்தால் சுரம் நேராக, அடக்கமாக நிற்கும். மேல்நாட்டுக் கிளாசிக்கல் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். அகலமாக இருந்தால் சுரத்தை உதட்டாலேயே வளைக்கலாம், அது ஜாஸ்காரர்களுக்குத் தோது. இந்த அளவுக்கு இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து படித்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் என் கணவர் பழைய மவுத்பீஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

"இதுதான் அப்ரூவ்டு சாம்பிள். கையிலயே வச்சுக்கோ. இதுல ஒரு நூல் மாறுனாலும் எடுக்காத, கேட்டியா?"

அவர் தொழில் அப்படி. பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், ஒப்புக்கொண்ட சாம்பிள் மேஜைமேல் இருக்கும். வருகிற சரக்கெல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வீரபாண்டியிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். டிரைவர் என் மடியிலிருந்த பெட்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க்கா, ஓவர்லாக் மிசின் ஸ்பேருங்களா?"

"இல்லீங்க, கிளாரினெட்."

"அது எந்த மிசினுக்குங்க?"

"வாயில வச்சு ஊதறதுங்க."

"அட, நீங்களே ஊதுவீங்களா!" என்று சிரித்தவர், இறக்கிவிட்டபோது, "நல்லா ஊதுங்க்கா" என்றார். மீதிச் சில்லறையைக் கேட்காமலேயே கொடுத்தார்.

காலை இன்டர்சிட்டியில் இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கை 135 ரூபாய். சென்ட்ரல் வரை ஏறத்தாழ 445 கிலோமீட்டர். ஜன்னல் இருக்கை கிடைத்தது. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனதால் சாப்பாட்டுச் செலவு இல்லை. இரண்டு மணிவாக்கில் இறங்கி, பஸ் பிடித்து அண்ணா சாலைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்ன வாசிப்பேன் என்று கேட்டார். கீர்த்தனையையும் துள்ளல் பாட்டையும் சொன்னேன். மூன்று மவுத்பீஸ்களை எடுத்து வைத்தார். குறுகலானது கிளாசிக்கலுக்கு, அகலமானது ஜாஸுக்கு, நடுவில் இருந்தது இரண்டுக்கும் என்றார். ஒவ்வொன்றையும் துடைத்துக் கொடுத்தார், ரீடு மட்டும் என்னுடையது. சில கடைகளில் வாய் வைத்தால் வாங்கியே ஆகவேண்டும் என்பார்கள், நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் என்று சொன்னதுமே நடுவில் இருந்ததைத் தள்ளி வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் ஃப்ரீ சைஸ் என்று போட்ட பனியன் யாருக்கும் சரியாக இருக்காது. குறுகலானதை மாட்டிக் கீர்த்தனையின் முதல் வரியை ஊதினேன். பழையதைப் போலவே சுகமாக இருந்தது. துள்ளல் பாட்டும் ஏதோ வந்தது. அகலமானதில் காற்றுதான் புஸ்ஸென்று போயிற்று. சரி, சாம்பிளோடு ஒத்துப்போகிறது, பில் போடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏம்மா இவ்ளோ மெதுவா ஊதுறீங்க? பக்கத்துல யாராவது தூங்குறாங்களா?" என்றார் கடைக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், தூங்குகிறார்கள்! ஆனால் இங்கே இல்லை, வீரபாண்டியில். நாங்கள் இருப்பது லைன் வீடு, எட்டுக் குடும்பத்துக்கு ஒரே நீளச் சுவர். பக்கத்து வீட்டுச் செல்வியின் கணவர் நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். அவரைப் போல இன்னும் மூன்று பேர் பகலில்தான் கண்ணயர்வார்கள். கிளாரினெட்டின் அகன்ற அடிவாய்க்குள் துண்டைத் திணித்து, மெல்லிய ரீடு போட்டு, மூச்சை அடக்கித்தான் நான் பழகியிருக்கிறேன். அந்தச் சின்ன மூச்சுக்குப் பழைய மவுத்பீஸ் பொருத்தமாக இருந்தது. ஆலயத்தில் முழு மூச்சு விட்டபோது குறுகின இடைவெளியை மெல்லிய ரீடு அடைத்துக்கொண்டிருக்கிறது. இவ்வளவு தூரம் வந்து அதே கோளாறை இன்னொரு தரம் வாங்க இருந்தேன்.

"சர்ச்சுல ஊதுற மாதிரி ஊதுங்கம்மா" என்றார் அவர்.

கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். கூச்சமாக இருந்தது. ஆண்டவரே என்று ஊதினேன். குறுகலானது இரண்டாவது வரியிலேயே அடைத்தது. கடையிலிருந்த கொஞ்சம் கெட்டியான ரீடு போட்டுப் பார்த்தோம். சுரம் நேராக நின்றது, ஆனால் வளைய மறுத்தது. அகலமானதில் நன்றாக வளைந்தது, ஆனால் நேராக நிற்க வேண்டிய இடத்தில் தள்ளாடியது. அதைப் பிடித்து நிறுத்தும் பலம் என் உதட்டுக்கு இன்னும் வரவில்லை. கடைசியில் நான் தள்ளி வைத்ததைத்தான் எடுத்தேன், நடுத்தரக் கெட்டியான இரண்டரை நம்பர் ரீடோடு. துள்ளல் பாட்டில் சறுக்கல் வந்தது. அதைவிட ஆச்சரியம் கீர்த்தனைதான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழைந்து போகிற இடத்தில், குறுகலானதில் வராத குழைவு இதில் வந்தது. நம் பாட்டுக்கும் வளைகிற முனைதான் வேண்டும் என்பதை இன்டர்நெட்டில் எந்தப் பக்கத்திலும் நான் படிக்கவில்லை.

என் கணவருக்கு போன் போட்டேன். பின்னால் மிஷின் ஓடும் இரைச்சல்.

"சாம்பிள் மாதிரியே இருக்கா?"

"இல்லீங்க. அதைவிட அகலம்."

"அப்ப ரிஜெக்ட்டுல்லா!"

"சாம்பிளே தப்புங்க. அது வீட்டுல மூச்சப் புடிச்சு ஊதுறதுக்கு ஆனது. இப்ப பையர் யாரு, நீங்களா நானா?"

மிஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். "பையர் சொன்னா சரி. பில்ல மறக்காம வாங்கு."

மவுத்பீஸ் 2,400, ரீடு இரண்டு 240. பெரம்பூரில் நாத்தனார் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ரயிலில் திரும்பினேன்.

பெட்டியை இறக்கி வைத்த கையோடு செல்வியிடம் போய், ஒரு மணி நேரம் சத்தமாகப் பழக வேண்டும், எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டேன்.

"ஏனுங்க்கா, இத்தன நாளா துண்டத் திணிச்சிட்டா ஊதுனீங்க? நானு உங்களுக்கு மூச்சு பத்தாதுன்னல்லோ நெனச்சேன்! சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊதுங்க. எங்கூட்டுக்காரர எழுப்பறதுக்கு நானு தொண்ட கிழியக் கத்தோணும், அந்த வேல மிச்சமுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒத்திகை. இரண்டு பாட்டையும் வாசித்தேன். ஓரிடத்திலும் அடைக்கவில்லை. குழுத் தலைவர் நோட்டிலிருந்து தலை தூக்கவே இல்லை.

"கீர்த்தனையில ரெண்டாவது அடி கொஞ்சம் எறங்குதும்மா, சரி பண்ணிருங்க. எஸ்தர், நீ பியானோ டோன் போட்டுக்கோ."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். ஸ்தோத்திரம்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு: உங்கள் ரீடுகளை மெல்லியதும் கெட்டியதுமாகக் கொண்டு போங்கள், முனையை மட்டும் மாற்றிப் பார்த்தால் பாதிதான் தெரியும். வாசிக்கப் போகிற பாட்டையே கடையில் வாசியுங்கள். சனிக்கிழமை வாரச் சம்பள நாள், கம்பெனியில் லீவு கேட்காதீர்கள், வெள்ளிதான் தோது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஊதுகிற மூச்சுக்கு வாங்காதீர்கள். எந்த இடத்தில் நின்று வாசிக்கப் போகிறீர்களோ, அந்த இடத்துக்கு வேண்டிய மூச்சை விட்டுப் பாருங்கள். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.