தெருவே ஜெனரேட்டரை அணைத்தது

ஒனெலியா அக்கா எங்கள் எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் சமையல். மரியா புயல் அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் புருஷன் எஃப்ராயின் செத்த பிறகு அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வெகுநேரம் துடிப்பாள். மாத்திரை எதற்கும் அது அடங்கவில்லை. சான் ஹுவான் பெரிய ஆஸ்பத்திரியில் தலை நிறைய ஒயரை ஒட்டிப் படுக்கவைத்தார்கள். அங்கேயும் வலிப்பு வந்தது. ஆனால் மூளையின் மின்சாரத்தில் ஒரு பிசகும் இல்லை. நடிப்பில்லை, மனசு பட்ட அடியை உடம்பு காட்டுகிறது, எப்போது வருகிறது என்று கவனியுங்கள் என்றாராம் டாக்டர்.

கவனிக்க எங்கள் தெருவுக்குச் சொல்லியா தரவேண்டும்! கரண்ட் போகும், வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் அலறும், அந்த மாதிரி நாளில்தான் விழுவாள். எஃப்ராயினின் ஆக்ஸிஜன் மெஷினும் ஜெனரேட்டரில்தான் ஓடியது. பெட்ரோல் தீர்ந்து அது நின்ற ராத்திரி அவர் போய்விட்டார். ஆக, சத்தம்தான் காரணம் என்று முடிவு கட்டினோம். அவள் வேலையிலிருந்து வந்ததும் எல்லோரும் ஜெனரேட்டரை அணைத்துவிடுவோம். என் வீட்டு இறைச்சி நாறிப்போனது. போகட்டும் என்று விட்டேன்.

வலிப்பு கூடியதுதான் மிச்சம். மகள் யாரித்ஸா ஃப்ளோரிடாவிலிருந்து வந்து பெட்டி கட்ட ஆரம்பித்தாள். இன்னொரு தடவை விழுந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாளாம். அந்த வீட்டை விட்டுப் போக அக்காவுக்கு மனசே இல்லை, பாவம்.

எனக்கோ ஒரே குடைச்சல். திருவிழாவில் பாட்டு மேடைக்குப் பின்னால் பெரிய ஜெனரேட்டர் உறுமியபோது, பக்கத்திலேயே நின்று சுடச்சுட அல்காபுரியா வடை தின்றாளே, அப்போது ஏன் விழவில்லை?

அடுத்த தடவை கரண்ட் போன சாயங்காலம் வாசலிலேயே நின்று பார்த்தேன். தெருவே அலறிக்கொண்டிருக்க, அக்கா பஸ்ஸை விட்டு இறங்கினாள். எனக்குக் கைகாட்டினாள், கேட்டைத் திறந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அவளைக் கண்டதும் வீடு வீடாக அணைத்தார்கள். கடைசியாக என் புருஷன் எங்களுடையதை அணைத்தார். தெரு அடங்கியது. அக்கா சரிந்தாள்.

தெளிந்ததும், யாரித்ஸா இருக்கும்போதே கேட்டேன்: "அக்கா, உனக்கு ஆகாதது சத்தமா, சத்தம் நிக்கிறதா?"

அக்கா சொன்னாள். "எத்தனை ராத்திரிடி, அந்தச் சத்தத்துல கண்ணே மூட முடியல. அன்னைக்கு நின்னுச்சு. நின்னது எனக்குத் தெரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. திரும்பிப் படுத்து நல்லா தூங்கிட்டேன்."

யாரித்ஸா துணியை மடிப்பதை நிறுத்தினாள். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"தூங்கும்மா," என்றாள். "நான் முழிச்சிருக்கேன்."