குடத்துக்குள் போகாத பெயர்கள்

இன்று காலை மானாம்பதி பஸ்ஸில் பழைய கிளாஸ்மேட் செல்வியிடம் மாட்டினேன். நான் பாதியில் விட்ட பி.ஏ. தமிழை அவள் இன்னும் படிக்கிறாள்.

"வரலாற்றுப் பொருள்முதல்வாதம்னா இன்னாடி? அந்தப் பார்வையில கட்டுரை எழுதணுமாம். இன்னிக்கு குடுக்கலன்னா இன்டர்னல் மார்க்கு காலி."

பாடத்தில் இருப்பது, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்ட நம்ம உத்திரமேரூர்த் தேர்தலைப் புகழும் கவிதை. செல்வியும் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து வைத்திருந்தாள்.

"கவிதை நல்லா கீதான்னு அப்பால பாரு. அப்போ நெலம் யாரு கையில இருந்துச்சு, யாரு ஒழைச்சாங்கன்னு மொதல்ல கேளு. அவ்ளோதான். சரி, குடத்துல யாரு பேரு வேணா போடலாமா?"

"இல்லடி. கால்வேலி நெலமாவது சொந்தமா இருக்கணும். கல்வெட்டுலயே கீது."

"அப்போ அந்த நெலத்துல நாத்து நட்டவங்க பேரு?"

செல்வி பேனாவை எடுத்து அந்தக் கேள்வியையே கட்டுரையின் முதல் வரியாக எழுதினாள்.

மதியம் போன் பண்ணினாள்.

"சாரு அந்த வரிய அடிச்சிட்டு வரச் சொல்றாருடி. ஊர்ப் பெருமைய கெடுக்குதாம்."

"நீ இன்னா சொன்ன?"

"மார்க்க வேணா அடிச்சிக்கோங்க சார்னுட்டேன். மனுசன் பேஜாராயிட்டாரு."

பொருள்முதல்வாதம் வேண்டுமாம். நிலம் யாருடையது என்று மட்டும் கேட்கக் கூடாதாம். இது புரிய நானும் டிகிரி முடித்திருக்க வேண்டும் போல.

கால்வேலி இல்லாதவர்கள் கமெண்டில் பெயர் போடுங்கள். குடத்தில்தான் இடமில்லை, இங்கே நிறைய இருக்கிறது.