எழும்பாத நாற்காலிகள்

என் பெரியப்பா கல்யாண மேடையில் மைக் கிடைத்தால் ஒன்று சொல்வார்: "பக்கத்துல ஓடுறவனைப் பார்த்துக்கிட்டே ஓடுறவன்..." அதற்கப்புறம் என்ன என்பது எனக்கு மறந்துவிட்டது. விழுவான் என்றாரா, சீக்கிரம் போய்ச் சேர்வான் என்றாரா, தெரியவில்லை. கல்யாணத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதும் இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் முனைவர் பட்ட ஆராய்ச்சி என்கிற தொழிலில் பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்க்காமல் இருக்க முடியாது. மேசைகளை அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

நான் சிங்கப்பூரில் பிறந்து, ஆங்கிலத்திலும் தமிழிலுமாகப் பள்ளி முடித்து, ஜெர்மனியில் பதினெட்டு வருடம் கார் இருக்கைகளின் அடியில் இருக்கும் சமாச்சாரங்களை வரைந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவன். திரும்பியவன் சும்மா இருந்திருக்கலாம். பிஎச்டி சேர்ந்தேன். செயற்கை நுண்ணறிவின் துணையோடு இயந்திரங்களை வடிவமைப்பது என் பொருள். எளிதாகச் சொன்னால், உட்கார்ந்திருக்கும் முதியவரை மெல்லத் தூக்கி நிற்க வைக்கும் நாற்காலி ஒன்று வேண்டும். அதற்கு அடியில் எத்தனை கம்பி, ஒவ்வொன்றும் என்ன நீளம், எங்கே எதனோடு இணைய வேண்டும் என்பதை மனிதன் உட்கார்ந்து வரையாமல் கம்ப்யூட்டரையே யோசிக்க வைப்பது. நடுவயதில் மாணவர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும்.

சலுகை விலை

பக்கத்து மேசை நஸ்ரீனுடையது. வயது இருபத்தாறு. அவள் அத்தா லிட்டில் இந்தியாவில் சூட்கேஸ் கடை வைத்திருக்கிறார். எனக்கும் அவளுக்கும் ஒரே பேராசிரியர், ஒரே நாற்காலி, வழிதான் வேறு. என் ப்ரோகிராம் ஒவ்வொரு வடிவமாகப் போட்டுப் பார்த்து, சரிவராததைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகும். அவளுடையது ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பார்த்துப் பழகி, கேட்டவுடன் தானே ஒன்றை ஊகித்துச் சொல்லும்.

சேர்ந்த புதிதில் இருவரும் கேண்டீனுக்குப் போனோம். பிரியாணிக் கடைக்காரர் அவளுக்கு மாணவர் விலை போட்டார், கேட்காமலேயே ஒரு முட்டையும் வைத்தார். நான் என் அட்டையை நீட்டினேன். அதை வாங்கி, படத்தைப் பார்க்காமலேயே என்னைப் பார்த்து, நஸ்ரீனைப் பார்த்து அன்பாகத் திருப்பிக் கொடுத்தார். "பொண்ணோட கார்டை வச்சு ட்ரை பண்றீங்களா சார்? பேரண்ட்ஸுக்கு டிஸ்கவுண்ட் இல்ல லா."

சாப்பாட்டு நேரம்

என் முதல் நல்ல நாற்காலி வர மூன்று மாதம் பிடித்தது. ஆறு கம்பி. எடை குறைவு, தூக்குவதும் மென்மை. பேராசிரியர் தலையசைத்தார். அவர் தலையசைப்பது அபூர்வம் என்பதால் அன்று நான் வீட்டுக்கு மீகோரெங் நூடுல்ஸ் வாங்கிப் போனேன்.

மறுநாள் நஸ்ரீன், "அங்கிள், அதே கணக்கை என்னோடதுல போட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள். பெருந்தன்மையாக, "தாராளமா" என்றேன். ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் சாப்பிடப் போகவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஐஸ் மைலோவை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தபோது நாற்பது நாற்காலிகள் தரவரிசைப்படி வந்து நின்றன. மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போனவள் சந்தோஷமாகக் கத்தினாள்: "அங்கிள், உங்களோடதும் இதுல இருக்கு! பதினேழாவது!"

தடிமன்

எனக்கும் ஒரு நாள் வந்தது. வாரக் கூட்டத்தில் அவள் தன் முதல் இட நாற்காலியைத் திரையில் எழுப்பிக் காட்டினாள். பட்டுப் போல எழுந்தது. எல்லோரும் "வாவ்" என்றார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னேன். பாதி வழியில் ஒரு கம்பி இன்னொரு கம்பியின் ஊடாகப் போய் அந்தப் பக்கம் வந்தது, ஆவி மாதிரி. ப்ரோகிராமின் கணக்கில் கம்பி என்பது வெறும் கோடு. கோட்டுக்கு அகலம் கிடையாது. நிஜத்தில் செய்தால் பாட்டியைப் பாதி தூக்கிவிட்டு நாற்காலி அப்படியே நின்றுவிடும்.

இதை நான் சொன்ன விதத்தில் தேவைக்கு அதிகமான மகிழ்ச்சி இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். அவள் முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். அவளோ விழுந்து விழுந்து சிரித்தாள். பேராசிரியரும் சிரித்தார், அவளோடு சேர்ந்து. எனக்கு நன்றி சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. நஸ்ரீன் சொன்னது இதுதான்: "அட, கம்பிக்குத் தடிமன் இருக்கும்னு நான் அதுக்குச் சொல்லவே இல்லையே! பாவம், அதுக்கு எப்படித் தெரியும்?"

ஈசூனில்

ஈசூனில் எங்கள் வீட்டில் நான் நஸ்ரீனைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஆய்வுக் கட்டுரைக்கு விருது கிடைத்ததைச் சொன்னேன், அது செய்தி. அந்தக் கட்டுரையில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்ததைச் சொன்னேன், அது உண்மை. பேராசிரியர் அவளுக்கு உடனே பதில் அனுப்புகிறார், எனக்கு மூன்று நாள் கழித்து அனுப்புகிறார் என்றேன். அது புள்ளிவிவரம்.

என் மனைவி செல்வி தட்டில் இட்லி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "வேற பொண்டாட்டியா இருந்தா இந்நேரம் சந்தேகப்பட்டிருப்பா. எனக்கு உங்க மூஞ்சியைப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு."

சூட்கேஸ்

எங்கள் சூட்கேஸில் ஒரு சக்கரம் போனதும், புதியதை நஸ்ரீனின் அத்தா கடையில்தான் வாங்க வேண்டும் என்று செல்வி பிடிவாதம் பிடித்தாள். அந்தக் கடையைப் பார்க்க ஆசையாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நசுங்கிக் கடைக்குள் நுழைந்தால், எதிர்ச்சுவரில் நஸ்ரீன் விருது வாங்கும் படம். படத்தின் ஓரத்தில் கைதட்டிக்கொண்டு யாரோ பாதித் தலை தெரிய நிற்கிறார். செல்வி கிட்டே போய்ப் பார்த்து, "இது நீங்கதானே?" என்று கேட்டாள். நான்தான்.

அத்தா நல்ல மனிதர். எந்தப் பெட்டியின் கைப்பிடி எத்தனை வருடம் வரும் என்று மறைக்காமல் சொன்னார். நஸ்ரீனோடு வேலை செய்கிறவன் என்று அறிமுகம் செய்துகொண்டதும், எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும் சார், தினம் சொல்லுவா. எதெல்லாம் வேலைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுக்கணும்னா, லேப்ல ஒரு அங்கிள் இருக்காரு, அவரைக் கேட்டா போதும்னு."

கேட்டாள்

அடுத்த வாரமே கேட்டாள். அவள் ப்ரோகிராம் அதுவரை பார்த்ததெல்லாம் நன்றாக ஓடும் இயந்திரங்கள். நல்லதை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை மாதிரி, கெடுதல் எதுவென்று அதற்குத் தெரியாது. தடிமனைச் சொல்லிக் கொடுத்தால் வேறெங்காவது போய் மாட்டியது. என்னிடமோ மூன்று வருடமாக என் ப்ரோகிராம் தள்ளிவிட்ட நாற்காலிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. எழும்பாதவை. ஒன்றையும் நான் அழிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, ஏன் எழும்பவில்லை என்று ஒரு வார்த்தையும் போட்டு வைத்திருந்தேன். 'முட்டுது.' 'மாட்டிக்குது.' 'விரலைக் கடிக்கும்.' பேச்சுத் தமிழில்தான் போட்டேன். சீக்கிரம் வரும், லேபில் வேறு யாருக்கும் படிக்கவும் தெரியாது. நஸ்ரீனைத் தவிர.

"அங்கிள், உங்க எழும்பாத நாற்காலி எல்லாம் எனக்குத் தருவீங்களா?"

"எல்லாமா?"

"எல்லாம். 'புரண்டுடுது'ன்னா என்னன்னு மட்டும் சொல்லுங்க. மத்தது புரியுது."

"நீ எப்ப அதையெல்லாம் பார்த்தே?"

"உங்க ஸ்கிரீன் எழுத்து எவ்ளோ பெரிசு அங்கிள்!"

அவள் கேட்டது என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை. அந்தத் தோல்விகளை வைத்துத் தவறு எதுவென்று ஒரு ப்ரோகிராமுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் திட்டம். எனக்கு அது ஒன்றரை வருட வேலை, அவளுக்கு மூன்று மாதம். ஜூன் மாதத்தோடு அவளுடைய உதவித்தொகை முடிகிறது. அந்தப் பணம் இல்லாமல் அவளால் ஆராய்ச்சியை முடிக்க முடியாது. பேராசிரியரிடம் போனேன். "உங்கள் உழைப்பு, உங்கள் முடிவு," என்றார். "கொடுத்தால் அந்த அத்தியாயம் அவளுடையது. நீங்கள் வேறொன்று தேட வேண்டும்."

நஸ்ரீனிடம் யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். பாதியைக் கொடுக்கலாமா? வார்த்தைகளை எடுத்துவிட்டு வெறும் எண்களைக் கொடுக்கலாமா? ஜூலையில் கொடுக்கலாமா? கார் இருக்கைகளின் அடியில் கற்றுக்கொண்டதை எல்லாம் அவள் ப்ரோகிராம் ஒரு வாரத்தில் விழுங்கிவிடும், அப்புறம் என்னிடம் என்ன இருக்கும் என்று எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். அவளைக் கண்டால் காதில் போனை வைத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனேன்.

புதன்கிழமை வராண்டாவிலேயே பிடித்துவிட்டாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. "இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க அங்கிள், நான் வேற வழி பார்க்கிறேன். யோசிக்கிறேன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்கு டைம் இல்லை."

வியாழக்கிழமை காலையில் எழும்பாத நாற்காலிகள் அத்தனையையும், ஒரு வார்த்தை நீக்காமல், நஸ்ரீனுக்கு அனுப்பினேன். அதை வைத்து எழுதும் கட்டுரையில் என் பெயர் அவள் பெயருக்குப் பின்னால் வரட்டும் என்றும் எழுதினேன்.