கயிறு காயும் வளைவு

மழைமூட்டத்தில் ஊறிய சணல் கயிறு இரும்புக் கம்பியைப் போல விறைத்திருக்கும். மாமா அதை ஒரு விரலால் சுண்டினார். ‘டொண்’ என்று சத்தம் வந்தது. “கேட்டியா ஆத்தா, இதுல உங்கப்பன் கோவத்தையே கட்டிப் போடலாம்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்று அந்தக் கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. கட்டியவர்மீது ஒரு குற்றமும் இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். அம்மாவின் தம்பியான மாமாவுக்கும் அங்கேயே காய் உலர்த்தும் கொட்டகையில் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது. மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பும் நாளில், பழுதாகிப்போன முதலாளியின் மோட்டார் சைக்கிளையும் போடிக்கு இறக்கவேண்டியிருந்தது. தோட்டத்தில் இருந்தது உலகச் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்தார் ஏலம் விட்டதில் எடுத்த சின்னப் பிக்கப் வண்டி. மோட்டார் சைக்கிள் அதைவிட ஒரு முழம் நீளம். பின்பலகையைத் திறந்துவிட்டு, பின்சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் சாக்குகளை அடைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றைப் போட்டுக் கட்டினார்கள். மாமா அதை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்தார். நான் முன்னால், டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில்.

“என்ன மாப்ளே, பொண்ணைத் தூக்கிட்டுப் போற மாதிரி கட்டிப்பிடிச்சிருக்க” என்றார் டிரைவர் அண்ணன்.

“எனக்கு எவன் பொண்ணு குடுக்குறான்? இதையாவது கட்டிக்கிறேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு.”

மாமா அன்று வரவேண்டிய அவசியமே இல்லை. வேறு யாராவது பிடித்துக்கொள்ள உட்கார்ந்திருக்கலாம். என்னை ரயிலேற்றிவிட வேண்டும் என்பதற்காகத்தான் வந்தார். கோடை விடுமுறைக்குப் பிறகு நான் ஒரு நாள் தாமதமாகப் போனதற்கு விடுதித் தலைவி அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து அப்பா ஒரே பேச்சுத்தான் பேசினார். “இந்த வாட்டி பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு அங்க நிக்கலைன்னா, அதோட படிப்பு போதும். காய் எடுக்கப் போ.” மாமா எனக்காகச் சண்டை போட்டார். அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. ஆகவே, மதியம் மதுரைக்குப் புறப்படும் அந்த ரயில் எனக்கு வெறும் ரயில் இல்லை. அதைத் தவறவிட்டால் இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு ஈரத்தில் குனிந்து, அட்டைக்கடியோடு ஆயுள் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மோட்டார் சைக்கிளை ஏற்றிக் கட்டுவதிலேயே வெகுநேரம் போய்விட்டிருந்தது.

அந்த மலைப்பாதையில் லோடு இறக்குபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே மூட்டத்தில் நனைந்து இறுகிய கயிறு, மெட்டைத் தாண்டி போடிப் பக்கம் இறங்கினால் வெயிலிலும் காற்றிலும் காய்ந்து தளர்ந்துவிடும். அதனால் பாதி வழியில் ஒரு வளைவில் எல்லா வண்டியும் நிற்கும். அங்கே ஒரு ஊற்றும், மஞ்சள் பூசிய ஒரு கல்லும் இருந்தன. தண்ணீர் குடித்து, கயிற்றை அவிழ்த்துத் திரும்ப இறுக்கி, கல்லுக்குச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் கிளம்புவார்கள். டிரைவர்கள் அதைக் கயித்து வளைவு என்பார்கள். அங்கே அரைமணி நேரமாவது போய்விடும் என்று எனக்குத் தெரியும். மூட்டம் விலகி, கீழே போடியின் ஓட்டுக் கூரைகள் வெயிலில் தெரியத் தொடங்கியதிலிருந்து நான் அந்த அரைமணி நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் இருக்கைக்குப் பின்னால் தகரத்தில் ஒரு சின்னச் சதுர ஓட்டை, அதன்மேல் ஒரு கித்தான் துண்டு. இன்ஜின் இரைச்சலில் பின்னால் இருப்பவர் பேசுவது டிரைவருக்குக் கேட்காது. வளைவுக்குச் சற்று முன்னால் தகரத்தில் தட்டும் சத்தம் வந்தது.

“மாமா என்ன சொல்றாருன்னு பாரு ஆத்தா” என்றார் டிரைவர் அண்ணன்.

நான் கித்தானை விலக்கினேன். மாமாவின் முகம் மிக அருகில் இருந்தது. நெற்றியில் வியர்வை, ஆனாலும் சிரிப்பு. “கயிறு தொவண்டு போச்சு. வளைவுல நிறுத்தச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். மூன்று வயதுக் குழந்தைகூடத் திருப்பிச் சொல்லக்கூடிய வார்த்தைகள். நான் திரும்பி உட்கார்ந்தேன்.

“என்னவாம்?”

“ரயிலுக்கு நேரமாச்சாம். நிக்க வேணாம், வெரசாப் போலாங்கிறாரு.”

டிரைவர் அண்ணன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “கயிறு நல்லாருக்காமா?”

“நல்லாருக்காம்.”

அவர் கல்லைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டுவிட்டு வளைவைக் கடந்தார். பின்னாலிருந்து இன்னொரு முறை தட்டல் கேட்டது. ஒரே ஒரு தட்டல். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. வண்டி திரும்பியது. பின்னால் ஏதோ சரிந்து மோதும் சத்தம். பிறகு வண்டி சட்டென்று லேசாகிப் போனது. அந்த லேசை நான் உட்கார்ந்திருந்த இருக்கையில் உணர்ந்தேன். அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும் அது லேசாகிறதா என்று என் உடம்பு காத்துக்கொண்டிருக்கும்.

மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் சாய்ந்து, தாழ்வான பக்கப்பலகையைத் தாண்டி விழுந்திருந்தது. மாமா கையை விட்டிருந்தால் இரும்பு மட்டும்தான் போயிருக்கும். முதலாளியின் பொருள் என்று விடவில்லையா, விட நேரமில்லையா, தெரியாது. பாறைகளுக்கு நடுவே இறங்கிப்போய் டிரைவர் அண்ணன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மாமாவிடம் மூச்சு இல்லை.

சாலையோரத்தில் அவரைக் கிடத்தி, தன் துண்டால் முகத்தை மூடிவிட்டு, டிரைவர் அண்ணன் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஆத்தா, மாப்ளதான் நிக்க வேணாம்னு சொன்னாருன்னு யார்ட்டயும் சொல்லிராத. செத்த மனுசன் மேல பழி வேணாம். நான் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன்.”

நான் தலையாட்டினேன். மாமா சொல்லாத ஒரு வார்த்தைக்காக அவர் மாமாவைக் காப்பாற்றினார். என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அந்த நொடியில் வாயைத் திறந்திருக்கலாம். இப்போது நினைத்தால் அந்த முதல் பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் பெரிதாகத் தெரிகிறது. முதலாவது குழந்தையின் அவசரம். இரண்டாவதற்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை.

அவருக்கு வேலை போயிற்று. கயித்து வளைவில் நிற்காமல் வந்தவன் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு யாரும் வண்டியைக் கொடுக்கவில்லை. போடியில் கடைகளுக்கு மூட்டை சுமந்தார். “என்னண்ணே, இன்னைக்காவது நின்னு வந்தீரா?” என்று மற்றவர்கள் கேலி பேசுவதைப் பள்ளி விடுமுறைகளில் நானே கேட்டிருக்கிறேன். அவர் மூட்டையை இறக்காமலே சிரிப்பார். அம்மா கடைசிவரை அவர் முகத்தில் விழிக்கவில்லை. எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? அதற்குப் பிறகு என் படிப்பை நிறுத்துவது பற்றி ஒரு நாளும் பேசவில்லை. “மச்சினன் ஆசைப்பட்டான், படிக்கட்டும்” என்று விட்டுவிட்டார். பதினாறாம் நாள் மாமாவின் காரியங்கள் முடிந்த பிறகு பள்ளிக்குப் போனேன். விடுதித் தலைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

நான் ஆசிரியை ஆகிப் போடிக்கே வந்த பிறகு, ஒரு நாள் கடைத்தெருவில் டிரைவர் அண்ணன் என்னை நிறுத்தினார். முதுகு வளைந்துவிட்டிருந்தது. “டீச்சராயிட்டியாமே. மாப்ள இருந்தா ஊரெல்லாம் முட்டாய் குடுத்திருப்பாரு” என்றார். சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன். “எனக்கு சோலி கெடக்கு, வர்றேன் ஆத்தா” என்று மூட்டைக்குக் குனிந்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் வீட்டு வாசல்வரை போய்விட்டு, உள்ளே போகாமல் திரும்பினேன்.

இன்று காலை என் மகன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைச் சின்ன வண்டியில் ஏற்றிக் கட்டினான். அவனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அதைப் பழுது பார்க்க அங்கே ஆள் இருக்கிறாராம். அவன் கூட்டாளி பின்னால் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்தேன். ஒரு விரலால் சுண்டினேன்.

“அம்மா, இது நைலான். நனையவும் நனையாது, காயவும் காயாது. எத்தனை வாட்டிம்மா பாப்ப?” என்றான் மகன்.

கூட்டாளி சிரித்தான். நெற்றியில் வியர்வை. அவனை இறங்கச் சொல்ல வேண்டும், பாதி வழியில் நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்டால் முப்பது வருடத்துக் கதையை இந்தத் தெருவிலேயே நின்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மகன் டிரைவர் இருக்கையிலிருந்து தலையை வெளியே நீட்டினான்.

“நேரமாச்சும்மா. போலாமா?”

என் விரல் இன்னும் கயிற்றின்மேல் இருந்தது.

“போலாம்” என்றேன்.